மீயுரைக் கதை எழுத வருபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுவதும் தமிழில் எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வேலூர்க் கோட்டையைச் சுற்றியே வரும்.

மீயுரைக் கதை என்றால் என்ன? மின்னூலும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. அச்சில் வந்த நாவலைக் கிண்டிலில் படித்தாலும் பிடிஎஃபில் படித்தாலும் அது அதே நாவல்தான்; முதல் பக்கத்துக்கு அடுத்தது இரண்டாம் பக்கம். மீயுரைக் கதை, அதாவது ஹைப்பர்டெக்ஸ்ட் புனைவு, சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் சில சொற்கள் இணைப்பாக இருக்கும். எந்தச் சொல்லைத் தொடுகிறீர்களோ அதற்கேற்ற துண்டு வரும். நீங்கள் படித்த வரிசை வேறு, உங்கள் தங்கை படிக்கும் வரிசை வேறு.

எளிய சோதனை ஒன்று உண்டு. கதையை ஜெராக்ஸ் எடுத்து பைண்டு போட்டால் எதுவும் குறையவில்லையா? அப்படியானால் அது மீயுரைக் கதை இல்லை.

இதை யார், எப்போது தொடங்கினார்கள்?

ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை உருவாக்கியவர் அமெரிக்கரான டெட் நெல்சன். 1965-இல் ஒரு கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். ஒரு ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கருவி என்ற கனவை அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1945-இல், வானிவர் புஷ் எழுதியிருந்தார். கதைக்கு அது வந்து சேர்ந்தது 1980-களில். மைக்கேல் ஜாய்ஸ் எழுதிய ‘ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி’ 1987-இல் காட்டப்பட்டு, 1990-இல் ஈஸ்ட்கேட் நிறுவனம் வழியாக ஃபிளாப்பி வட்டில் விற்பனைக்கு வந்தது. அதில் 539 துண்டுகள். காலையில் பார்த்த விபத்தில் சிக்கியவர்கள் தன் மகனும் முன்னாள் மனைவியுமாக இருக்குமோ என்று ஒருவன் தவிக்கிற கதை. எழுதுவதற்கென்றே ஸ்டோரிஸ்பேஸ் என்ற மென்பொருளையும் ஜாய்ஸும் ஜே டேவிட் போல்டரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1995-இல் ஷெல்லி ஜாக்சனின் ‘பேட்ச்வொர்க் கேர்ள்’ வந்தது. 1999-இல் மின் இலக்கியத்துக்கென அமெரிக்காவில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. 2009-இல் கிரிஸ் கிளைமஸ் ட்வைன் என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். அதன் பிறகுதான் நிரல் தெரியாதவர்களும் இந்த வடிவத்தில் தாராளமாக எழுத ஆரம்பித்தார்கள்.

தமிழில் இது முன்பே இருந்தது என்கிறார்களே? விக்கிரமாதித்தன் கதை, தெருக்கூத்து எல்லாம்?

கதைக்குள் கதை என்பது வேறு, கேட்பவர் வழியைத் தேர்ந்தெடுப்பது வேறு. வேதாளம் எத்தனை கதை சொன்னாலும் வரிசை மாறாது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். ஒரே கதை இரண்டு வடிவத்தில் ஓடுவது அழகான ஏற்பாடுதான். ஆனால் படுகளத்துக்கு முன்னால் என்ன வரும் என்பதை ஊரார் மாற்ற முடியாது.

உறவு தேட வேண்டுமானால் உரை மரபில் தேடலாம். ஒரு குறள், அதற்குப் பரிமேலழகர் சொன்னது, மணக்குடவர் அதிலிருந்து விலகும் இடம், அங்கே காட்டிய மேற்கோள், அந்த மேற்கோளின் மூல நூல் என்று விரலைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படிப்பவர் இணைப்பைத்தான் பின்தொடர்கிறார். சித்திரகவியும் அப்படியே: தேர் வடிவிலும் பாம்பு வடிவிலும் அடைத்த எழுத்துகளை எந்தத் திசையில் படிப்பது என்பது வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கணினித் தமிழ் இவ்வளவு வளர்ந்தும் தமிழில் மீயுரைக் கதை ஏன் குறைவு?

தமிழின் மின் உழைப்பு பெரும்பகுதி வேறு அவசர வேலைக்குப் போனது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து காத்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு ஒழுங்கு தேடியது. எழுத்துரு ஒன்றுக்கொன்று பேசாத காலம் அது. எழுத்தே திரையில் ஒழுங்காகத் தெரியாதபோது இணைப்பை வைத்துக் கதை கட்ட யாருக்கு மனம் வரும்? இப்போது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு எல்லாச் செல்பேசியிலும் இருக்கிறது. தடை அநேகமாக விலகிவிட்டது.

வேலூரை வைத்து எழுத எந்தப் பொருள் இந்த வடிவத்துக்குப் பொருந்தும்?

ஒரே நேரத்தில் பல இடங்களில் நடக்கிற எதுவும் பொருந்தும். 1806 ஜூலை 10-இல் நடந்த வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியைவிட நல்ல பொருள் கிடைக்காது. புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு என்ற உத்தரவுகளால் கொதித்திருந்த சிப்பாய்கள் அதிகாலை 2 மணிவாக்கில் எழுந்தார்கள். கோட்டைக்குள்ளேயே திப்புவின் மகன்கள் காவலில் இருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்களின் 69-வது படைப்பிரிவு தூக்கத்தில் இருந்தது. மைசூர்க் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்தார். அதன் பிறகு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இதைக் கட்டம் போட்டுப் பாருங்கள். மேலே ஐந்து இடம்: படைவீட்டு முற்றம், மதில், மாளிகை, கோட்டை வாசல், ஆற்காடு. பக்கவாட்டில் நான்கு பொழுது: 2 மணி, 4 மணி, 6 மணி, 8 மணி. ஆக 20 துண்டு. ஒவ்வொரு பொழுதிலும் வாசகர் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். ஒரு முறை படித்தால் 20-இல் 4. மாளிகையிலேயே இருந்தவருக்குச் சத்தம் மட்டும் கேட்கும், ஏன் என்று தெரியாது. மதிலில் இருந்தவருக்குக் கொடி தெரியும், மாளிகைக்குள் நடந்த பேச்சு தெரியாது.

இப்போது முக்கியமான முடிவு. எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் இணைப்பு கொடுத்தால் 5×5×5×5, அதாவது 625 வழிகள். எண்ணிக்கை பெரிது, கதை செத்துவிடும். கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறது. வாசலைத் தாண்டாமல் யாரும் ஆற்காட்டுக்குப் போக முடியாது. ஆகவே ஆற்காட்டுக்கான இணைப்பு வாசல் துண்டில் மட்டும் இருக்க வேண்டும். ஆற்காடு ஏறக்குறைய 25 கிலோமீட்டர்; குதிரைக்கு நேரம் ஆகும். எனவே 2 மணி வாசலிலிருந்து கிளம்பியவருக்கு 4 மணித் துண்டாக இருட்டுச் சாலை வர வேண்டும், ஆற்காடு வரக் கூடாது. அந்தச் சாலையையும் சேர்த்தால் 21 துண்டு. அகழியை நீங்கள் எந்த வரியிலும் வர்ணிக்கவில்லை. இணைப்பு இல்லாத இடத்தில் வாசகர் அதை உணர்கிறார். இணைப்பை எங்கே வைக்கிறோம், எங்கே மறுக்கிறோம் என்பதும் எழுத்துதான். இந்த வடிவத்தில் தேர்ச்சி என்பதே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எத்தனை துண்டு எழுத வேண்டும்? ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்?

முதல் கதைக்கு 15 முதல் 25 துண்டு போதும். ஒரு துண்டு 80 முதல் 150 சொல். செல்பேசியில் இரண்டு திரைக்கு மேல் உருட்ட வைத்தால் இணைப்பு கண்ணில் படாமல் போகும்.

பலரும் மாட்டிக்கொள்வது மரக்கிளைக் கணக்கில். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வழி, ஆறு தேர்வு ஆழம் என்று வைத்தால் மொத்தம் 127 துண்டு. துண்டுக்கு 120 சொல் என்றால் 15,240 சொல் நீங்கள் எழுதுவீர்கள். வாசகர் படிப்பது 7 துண்டு, 840 சொல். பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். இதற்கு மாற்று, பிரிந்த கிளைகளை மறுபடி சேர்ப்பது: ஒரு தேர்வு, இரண்டு துண்டு, பிறகு இரண்டும் வந்து சேரும் ஒரு பொதுத் துண்டு. அதே ஆறு தேர்வுக்கு 19 துண்டு போதும். வாசகர் 13 துண்டு படிப்பார். ஆனால் சேரும் இடத்தில், எந்த வழியாக வந்தாலும் பொருந்துகிற வாக்கியம் வேண்டும். “அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்” என்று தொடங்கினால், அவளைச் சந்திக்காத வழியில் வந்தவர் விழிப்பார்.

கணினி இல்லாமல் தொடங்க முடியுமா?

முடியும், அப்படித்தான் தொடங்க வேண்டும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கோடு போட்ட அட்டைகளில் ஒரு துண்டுக்கு ஒரு அட்டை. மூலையில் எண். இணைப்புச் சொல்லின் கீழே கோடு, பக்கத்தில் போக வேண்டிய அட்டையின் எண். தரையில் பரப்பி நூல் கட்டிப் பாருங்கள். எந்த நூலும் வந்து சேராத அட்டை அநாதை. எந்த நூலும் கிளம்பாத அட்டை, நீங்கள் முடிவு என்று நினைத்ததா அல்லது மறந்துபோனதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் கையில் அட்டைகளைக் கொடுத்துப் பேசாமல் உட்காருங்கள். எந்த அட்டையில் அவர் முன்பு படித்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாரோ, அங்கே தகவல் குறைகிறது. இந்த வேலையை முடித்தவருக்கு மென்பொருளில் இரண்டு மணி நேரம்தான் வேலை.

எந்த மென்பொருள்? என்ன செய்ய வேண்டும்?

தொடக்கத்துக்கு ட்வைன். கணினியில் நிறுவிப் பயன்படுத்துங்கள். உலாவியில் திறக்கும் பதிப்பில் உள்ள ஆபத்து கீழே இருக்கிறது. புதிய கதை தொடங்கியதும் ஒரு பெட்டி வரும். அதைத் திறந்து எழுதி, இணைப்பு வேண்டிய இடத்தில் இப்படி அடியுங்கள்:

[[வாசல் பக்கம் ஓடினான்->வாசல் 4]]

அம்புக்குறிக்கு இடப்பக்கம் வாசகர் பார்ப்பது, வலப்பக்கம் போக வேண்டிய துண்டின் பெயர். அந்தப் பெயரில் துண்டு இல்லையென்றால் ட்வைன் தானே ஒரு காலிப் பெட்டியை உருவாக்கி அம்பு வரைந்துவிடும். எல்லாம் முடிந்ததும் கோப்பாக வெளியிடும் கட்டளையைக் கொடுத்தால் உலாவியில் திறக்கும் ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். படம், ஒலி இல்லாத கதை ஒரு எம்பிக்குள் அடங்கும்.

உரையாடல் நிறைந்த, விளையாட்டுக்கு நெருக்கமான கதைக்கு இங்க் என்ற மொழி நன்றாக இருக்கும். மீதி மென்பொருள்களை இரண்டாவது கதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயரைச் சரியாகத்தான் அடித்தேன். இணைப்பு வேலை செய்யவில்லை. வரைபடத்தில் ஒரே பெயரில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஏன்?

இது தமிழ் எழுத்தில் வரும் கோளாறு. “கோட்டை” என்பதிலுள்ள ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘ோ’ என்ற ஒரே குறியாக, அல்லது ‘ே’ ஒன்று ‘ா’ ஒன்று என்று இரண்டு குறியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கணினி குறியெண்ணை ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு வேறு சொல். விசைப்பலகையைப் பொறுத்து எது வரும் என்பது மாறும். வீட்டுக் கணினியில் அடித்த பெயரும், நண்பர் செல்பேசியில் அடித்து அனுப்பிய பெயரும் பொருந்தாமல் போவது இதனால்தான். ட்வைனும் உதவி செய்வதாக நினைத்து அந்த இரண்டாவது பெயருக்கு ஒரு காலிப் பெட்டி போட்டுவிடும்.

ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடிப்பவர்கள் உண்டு. ‘ஸ்ரீ’யையும் இரண்டு விதமாக எழுத முடியும்.

தீர்வு சுலபம். துண்டின் பெயரை வாசகர் பார்ப்பதில்லை. ஆகவே ‘ம2’, ‘வாசல் 4’ என்று ஒகர ஓகார ஔகாரம் இல்லாத குட்டிப் பெயர் வையுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் பெட்டியின் பெயரை நகலெடுத்து இணைப்பில் ஒட்டிவிட்டு, காலிப் பெட்டியை நீக்குங்கள்.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய கதையை ஒட்டினால் ஆங்கில எழுத்தாகச் சிதறுகிறதே?

அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக மாற்றி, ஒரு முறை முழுதாகப் படித்துத் திருத்திய பிறகே ஒட்டுங்கள். மேற்கோள் குறிகளும் எண்களும் மாற்றத்தில் அடிக்கடி கெடும்.

வாசகர் தரும் பெயரைக் கதையில் சேர்த்தால் “முருகன்ஐ பார்த்தாள்” என்று வருகிறது. என்ன செய்வது?

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு எழுதியவை. ஆங்கிலத்தில் பெயர் எங்கே வந்தாலும் உருவம் மாறாது. பெயரை மாறி ஒன்றில், அதாவது தகவலைச் சேமித்து வைக்கும் இடத்தில் (variable), வைத்து வேண்டிய இடத்தில் செருகலாம். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு கரைந்துவிடும். முருகன் முருகனை ஆவான், செல்வி செல்வியை ஆவாள், பாலு பாலுவை ஆவான். இடையில் வரும் யகர வகரத்தை மென்பொருள் போட்டுத் தராது.

நம்பகமான வழி, பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல் நான்கைந்து பெயர்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வடிவத்தைத் தனித்தனி மாறியில் வையுங்கள்: முருகன், முருகனை, முருகனுக்கு, முருகனின். வினைமுற்றும் மாறும் என்பதால் வந்தான், வந்தாள், வந்தார் என்பதற்கும் ஒரு மாறி. கதையை முன்னிலையில், “நீ வாசலுக்கு வந்தாய்” என்று எழுதினால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். பெயரை மாற்றமில்லாமல் நிறுத்தும் வாக்கியமும் கைகொடுக்கும்: “முருகன் கையில் கடிதம் இருந்தது”, “செல்வி பக்கம் திரும்பினாள்.”

இணைப்பு வைக்கும்போதும் உருபோடு சேர்ந்த முழுச் சொல்லையும் இணைப்பாக்குங்கள். ‘அகழியில்’ என்பதில் ‘அகழி’யை மட்டும் பிடித்தால் கண்ணுக்கு ஊனமாக இருக்கும். உயிர்க்குறிக்கு நடுவில் வெட்டினால் சில திரைகளில் புள்ளிவட்டம் தோன்றும். எழுத்து எழுத்தாகத் தோன்றும் தட்டச்சு விளைவிலும் இதே பிழை: ‘கி’ வருமுன் ‘க’ எட்டிப்பார்க்கும். நிரலில் முழு எழுத்தாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

முன்பு படித்ததைக் கதை நினைவில் வைத்திருக்குமா?

வைத்திருக்கும். ஒரு துண்டில் மாறியைக் குறித்துவைத்து, இன்னொரு துண்டில் ‘இது நடந்திருந்தால் மட்டும் காட்டு’ என்று நிபந்தனை போடலாம். ஜாய்ஸின் கதையிலேயே இது உண்டு. சில துண்டுகளைப் படிக்காதவருக்கு வேறு சில துண்டுகள் திறக்காது. அந்தக் கதையின் நாயகன் உண்மையைப் பார்க்க அஞ்சுகிறான். வாசகருக்கும் வழி அடைபடுகிறது. நம் கோட்டைக் கதையில், 2 மணிக்கு முற்றத்தில் இருந்தவருக்கு மட்டும் 8 மணி வாசல் துண்டில் கூடுதலாக ஒரு வரி வரலாம்: கீழே கிடக்கும் தலைப்பாகை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரி பத்துப் புதிய துண்டுக்குச் சமம். மாறிகள் ஐந்துக்குள் இருக்கட்டும். பத்தைத் தாண்டினால் எல்லாச் சேர்க்கையையும் உங்களால் சோதித்துப் பார்க்க முடியாது.

எப்போது படித்து முடித்தோம் என்றே தெரியவில்லை என்று வாசகர்கள் சொல்கிறார்கள்.

நியாயமான புகார். தாளில் மீதிப் பக்கங்களின் கனம் விரலுக்குத் தெரியும், இங்கே தெரியாது. எழுத்தாளர் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். முடிவுத் துண்டில் ‘முற்றும்’ என்றே போடுங்கள். பக்கத்தில் ‘மறுபடி 2 மணிக்கு’ என்று ஒரு இணைப்பு. 21 துண்டில் எத்தனை பார்த்தாகிவிட்டது என்ற எண்ணிக்கையும் உதவும். திரும்பிப் படிப்பவருக்கு அதே வரிகள் வந்தால் சலித்துவிடும்; முதல் துண்டிலாவது இரண்டாம் முறைக்கு வேறு தொடக்கம் வையுங்கள்.

செல்பேசியில் எழுத்து நெருக்கமாகத் தெரிகிறது.

ட்வைனின் வடிவமைப்பு ஆங்கில எழுத்துக்கு அளந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துரு, 18 புள்ளி அளவு, வரி உயரம் 1.7 வையுங்கள். இணைப்புக்கான அடிக்கோடு ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் வாலை வெட்டும். கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளுங்கள் அல்லது நிறத்தை மட்டும் மாற்றுங்கள். தடித்த எழுத்து சின்னத் திரையில் அடைத்துப்போகும்.

எழுதிய கதை ஒரு நாள் காணாமல் போய்விட்டது!

உலாவிப் பதிப்பில் கதை அந்த உலாவியின் நினைவில்தான் இருக்கிறது. நெட் சென்டர் கணினியில் வரலாற்றை அழித்தால் கதையும் போகும். சஃபாரி, சேர்ந்தாற்போல் ஏழு நாள் பயன்பாட்டில் அந்தப் பக்கத்தைத் தொடாவிட்டால் தானே அழித்துவிடும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் காப்புக் கோப்பை இறக்கி, தேதி போட்டு, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

வாசகர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

இட்ச் (itch.io) என்ற இணையதளத்தில் இலவசமாக ஏற்றலாம். வாட்ஸப்பில் கோப்பாகவும் அனுப்பலாம், ஆனால் சில செல்பேசிகளில் முன்னோட்டத்திலேயே திறந்து வெறும் பக்கமாக நிற்கும். உலாவியில் திறக்கச் சொல்லுங்கள். படங்கள் தெரியவில்லை என்றால் அவை உங்கள் கணினியின் கோப்புறையில் மாட்டிக்கொண்டன என்று பொருள். படத்தை எழுத்துக் குறியாக மாற்றிக் கோப்புக்குள்ளேயே புதைக்கலாம். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

இருபது ஆண்டு கழித்தும் கதை திறக்குமா?

ஒரு நிறுவனத்தின் கருவியை நம்பியவை நிறைய அழிந்தன. ஃபிளாப்பியில் வந்த கதைகளுக்குப் பழைய கணினி வேண்டும். ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்தவை, 2020 டிசம்பர் 31-இல் அடோபி ஆதரவை நிறுத்தியதும் உலாவிகளில் அணைந்தன. ஃபிளாஷ் கோப்பை இன்றும் இயக்கிக் காட்டும் ரஃபிள் போன்ற மென்பொருளால் ஒரு பகுதி மீண்டது. சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களோ 1990-களின் தொடக்கத்தில் எழுதியவையும் இன்று திறக்கின்றன. எனவே எச்டிஎம்எல் கோப்பு ஒன்று, ட்வீ என்ற வெறும் உரை வடிவில் ஒன்று, துண்டுகளின் அச்சுப்படியும் இணைப்பு வரைபடமும் ஒன்று என்று மூன்றாக வையுங்கள். அந்த அட்டைகளையும் தூக்கிப் போடாதீர்கள்; ஒரு பழைய ஷூ டப்பாவில் 21 அட்டை தாராளமாகக் கொள்ளும்.